சைகோன் நேரம் அதிகாலை ஒரு மணி

“திங்கட்கிழமை, 18 அக்டோபர் 1976, காலை 10.25. தொலைபேசி. கேட்டவர்: மிஸ்டர் ரொசைரோ, கிளேட்டன். கேள்வி, அவர் சொன்னபடியே: என் மகன் செத்த அன்று அமெரிக்காவை எந்தக் கட்சி ஆண்டது? விடை: குடியரசுக் கட்சி. பார்த்த நூல்: ஒன்று. எடுத்த நேரம்: நான்கு நிமிடம்.”

இளநீலத் தாளில் இருக்கும் இந்த விசாரணைச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுத்து என்னுடையது. விடையின் மேல் குறுக்கே ஓடும் சிவப்புப் பென்சில் கோடு என் மேலதிகாரி மிஸ் பிரெண்டிஸ் போட்டது. மெல்பேர்னில் நான் வேலை செய்து ஓய்வு பெற்ற நூலகம், கேள்விகளை இனி கணினி வழியாக மட்டும் எடுப்பதாக முடிவு செய்தபோது, இப்போது அங்கே இருக்கும் இருவர் என்னைத் தேடி வந்தார்கள். தொலைபேசி மேசையில் உங்களைக் கஷ்டப்படுத்திய கேள்வி எது என்று கேட்டார்கள். நான் யோசிக்கவில்லை. இந்தச் சீட்டை எடுத்துக் காட்டினேன்.

என் முன்கதை சுருக்கமானது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியின் நூலகத்தில் நான்கு வருடம். கொழும்பில் இரண்டு வருடப் படிப்பு. 1974 பெப்ரவரியில் கணவர் சிவபாலனோடு மெல்பேர்ன். அவர் பொறியியலாளர், வந்த மாதமே வேலை கிடைத்தது. நான் நகரின் நடுவிலிருந்த பெரிய பொது நூலகத்தில் ஆறு மாதம் புத்தகம் அடுக்கினேன், எட்டு மாதம் நூற்பட்டியல் அட்டை எழுதினேன். 1975 ஏப்ரலில் என்னைத் தொலைபேசி விசாரணை மேசையில் இருத்தினார்கள்.

இரண்டு தொலைபேசி, கைக்கெட்டும் தூரத்தில் நான்கு தட்டுப் புத்தகங்கள், ஒரு சுவர்க் கடிகாரம். அவ்வளவுதான் மேசை. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் கேட்பார்கள், குறுக்கெழுத்துப் போட்டிக்காரர் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் மதுக்கடைகளிலிருந்து பந்தயக் கேள்விகள் வரும். ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து இன்னொருவர், “அந்தப் பெண்ணிடம் சரியாகக் கேள், ஏமாற்றாதே!” என்று கத்துவார்.

மிஸ் பிரெண்டிஸ் உயரமானவர். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கழுத்தில் நூலில் தொங்கும் பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் சொன்ன விடை பிழை என்றும் அவர் சொல்லமாட்டார். “இது எங்கே நிற்கிறது, மகேஸ்?” என்பார். எந்த நூலின் எந்தப் பக்கத்தில் என்று அர்த்தம். சில நாட்களில் கீழே இறங்கிப்போய்த் தெருவோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து குரலை மாற்றி எங்களை அழைத்துச் சோதிப்பார். குரல் மாறும், இருமல் மாறாது. நாங்கள் கண்டுகொள்ளாத மாதிரிப் பதில் சொல்வோம்.

அவருடைய விதிகள் நான்கு. யார், எப்போது, எங்கே என்பவற்றுக்கு மட்டும் நாங்கள் பதில் சொல்லலாம். ஏன் என்று கேட்பவரை வாசிப்பு மண்டபத்துக்கு அழைக்க வேண்டும். திகதி சம்பந்தப்பட்ட எதற்கும் இரண்டு நூல்கள் பார்க்க வேண்டும். பிழையான விடை கொடுத்துவிட்டால், கொடுத்தவரே வாயால் திருத்த வேண்டும், தபாலில் அல்ல. “கடிதம் போய்ச் சேருவதற்குள் அவர் அந்த விடையை வைத்து ஏதாவது செய்துவிடுவார்” என்பார். மேலே உள்ள சீட்டில் நான் மூன்றாவது விதியை மீறியிருக்கிறேன். நான்காவது எவ்வளவு உண்மை என்பது அந்த வாரத்தில்தான் எனக்கு விளங்கியது.

அன்று அந்தக் குரல் ஆங்கிலத்தில்தான் தொடங்கியது. நான் வணக்கம் சொல்லி முடிக்கவும், “மிஸ், நீங்கள் சிலோனோ?” என்றது.

யாழ்ப்பாணம் என்றேன்.

“அப்ப தமிழிலையே கதைப்பம் பிள்ளை. நான் பெனடிக்ற் ரொசைரோ. காங்கேசன்துறை லைனிலை இருபத்தாறு வருசம் ரயில்வே கார்ட். தமிழ் கதைச்சுக் கனகாலம், வாய் துருப்பிடிச்சுப் போச்சு.”

எங்கள் ஊரில் பறங்கியர் என்று சொல்கிற, ஐரோப்பிய வழிவந்த கலப்புச் சமூகத்தவர். 1956இல் குடும்பத்தோடு இங்கே வந்தவர். மனைவி இறந்துவிட்டார். அன்றைய பத்திரிகையில் ஒரு செய்தி பார்த்ததாகச் சொன்னார். அமெரிக்காவில் தேர்தல் நெருங்கியிருந்த நேரம். குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளர் விவாத மேடையில், இந்த நூற்றாண்டின் போர்களெல்லாம் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் போர்கள் என்று பேசியிருந்தார். மாண்டவர், காயம்பட்டவர் தொகையையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

“நானும் ஏழு வருசமா இதைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறன். தொடங்கினவன்தான் பொறுப்பு. என்ர மகள் ஐரீன் இல்லையெண்டு நிக்கிறாள். நிப்பாட்டுறன் எண்டு சொல்லிப் பதவிக்கு வந்து நிப்பாட்டாமல் விட்ட மற்றப் பார்ட்டிக்காரன்தான் தன்ர தம்பியைக் கொன்றவன் எண்டுறாள். எழுபதாம் ஆண்டு மே மாதம் சண்டைக்கு எதிரான ஊர்வலத்திலை போனாள். அண்டைக்கு வீட்டிலை வாய்த்தர்க்கம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிட்னிக்குப் போட்டாள். ஆறு வருசம் பிள்ளை. ஒரு வரி நான் எழுதேல்லை.”

“இப்ப நான் என்ன பாத்துச் சொல்லவேணும்?”

“மகன் நோயல் ஒஸ்ரேலியப் படையிலை போய் வியட்நாமிலை செத்தது அறுபத்தொன்பது ஜனவரி இருபத்தொண்டு. அண்டைக்கு எந்தப் பார்ட்டி? அதை மட்டும் சொல்லு. அதோடை இந்த வழக்கை முடிப்பம்.”

யார், எப்போது, எங்கே. மிஸ் பிரெண்டிஸின் விதிக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற கேள்வி. கைந்நூலை விரித்தேன். ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி விலகிக் குடியரசுக் கட்சி ஜனாதிபதி பதவியேற்றது 20 ஜனவரி 1969. இருபதுக்குப் பிறகு இருபத்தொன்று. அடுத்த நூலை எடுக்கவில்லை.

“குடியரசுக் கட்சி” என்றேன். “முதல்நாள் மாறியிருக்கு.”

“அப்ப மகள் சொன்னதுதான் சரி. ஒரு நாள் வித்தியாசம். சரி. இண்டைக்கே அவளுக்கு எழுதிப் போடுறன்.” பிறகு, “தேங்ஸ் பிள்ளை” என்று வைத்துவிட்டார்.

நான்கு நிமிடம் என்று எழுதும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு தகப்பனையும் மகளையும் சேர்த்து வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாலை நாலரைக்கு மிஸ் பிரெண்டிஸ் அன்றைய சீட்டுகளைப் பார்க்க வந்தார். இந்தச் சீட்டில் பென்சில் நின்றது.

“பதவியேற்பு இருபதாம் திகதி எத்தனை மணிக்கு?”

“நண்பகல்.”

“எந்த ஊர் நண்பகல்?”

எனக்கு முகம் சுட்டது. யாழ்ப்பாணத்துக்குத் தந்தி கொடுக்கப் போகும்போதெல்லாம் அங்கே இப்போது மணி என்ன என்று விரல் மடக்கி எண்ணுகிறவள் நான். உலக நேர அட்டவணையை எடுத்தேன். வாஷிங்டனில் திங்கட்கிழமை நண்பகல் என்றால் சைகோனில் செவ்வாய் அதிகாலை ஒரு மணி. மெல்பேர்னில் மூன்று மணி. ஜனவரி இருபத்தொன்றாம் திகதியின் முதல் ஒரு மணி நேரம், வியட்நாமில் நின்றவர்களுக்கு, பழைய கட்சியின் ஆட்சிதான். நோயல் அன்று எத்தனை மணிக்கு இறந்தான் என்று நான் கேட்கவே இல்லை.

சிவப்புக் கோடு அப்போது விழுந்தது. “இந்த விடையை வைத்து என்ன செய்யப்போவதாகச் சொன்னார்?” என்று மட்டும் கேட்டார். இன்றே மகளுக்கு எழுதுவதாகச் சொன்னார் என்றேன். பென்சிலைக் கழுத்தில் விட்டுவிட்டுப் போனார்.

ரொசைரோ வீட்டில் தொலைபேசி இல்லை, தபாற்கந்தோர்த் தொலைபேசிக் கூண்டிலிருந்து பேசியிருக்கிறார். வாக்காளர் பட்டியலில் கிளேட்டன் புறநகரில் அவருடைய தெருவைக் கண்டுபிடித்தேன். அன்றிரவு சாப்பிடும்போது சிவபாலனிடம் சொன்னேன்.

“நீர் லேசான ஆளில்லை. அமெரிக்க ஜனாதிபதியையே ஒரு மணித்தியாலம் முந்தி மாத்திப் போட்டீர்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், “விடுமப்பா. அந்த மனுசன் ஆறு வருசத்துக்குப் பிறகு மகளுக்கு எழுதுது. நீர் போய், இல்லை, உங்கட மகள் சரியெண்டு சொல்லேலாது எண்டால், எழுதின கையாலையே அந்தாள் திருப்பி ஒண்டு எழுதும். ஆருக்கு லாபம்?”

“பிழையான விடை.”

“நல்ல விடை.”

“நல்லதெண்டதுக்காகச் சரியாகிடுமோ?”

அவர் எழுந்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, “சனிக்கிழமை கார் சும்மாதான் நிக்குது” என்றார்.

அந்த வாரம் முழுவதும், இடைவேளைகளிலும் வேலை முடிந்தும், ஓர் அட்டவணை செய்தேன். வெறும் திருத்தத்தோடு போக எனக்கு மனமில்லை. அவர் கேட்டது ஒரு திகதி. வழக்காடியது வேறொன்றைப் பற்றி. போர் தொடங்கிய ஆண்டு, ஜனாதிபதியின் கட்சி, ஆதரித்து வாக்களித்தவர், எதிர்த்தவர் என்று நாலு நிரலுக்குக் கோடு கிழித்தேன்.

நிரப்பும்போது, வேட்பாளர் சொன்னது அட்டவணையின் இரண்டாவது நிரல் மட்டுமே என்று தெரிந்தது. அதிலும் இந்த நூற்றாண்டின் வரிகள் மட்டும். 1917, 1941, 1950 மூன்றிலும் ஜனாதிபதி ஜனநாயகக் கட்சிதான். ஆனால் 1898இல் ஸ்பெயினோடு போருக்குப் போன ஜனாதிபதி குடியரசுக் கட்சிக்காரர், போர் வேண்டும் என்று அவரை நெருக்கியவர்களில் ஜனநாயகக் கட்சியினர் பலர். மூன்றாம் நிரல் இன்னும் மோசம். 1812இல் மட்டும்தான் ஒரு கட்சி முழுதாக எதிர்த்து நின்றது. அந்தக் கட்சி பிறகு இல்லாமலே போனது. 1846இல் மெக்சிக்கோ மீதான போரைப் பிழையென்று பேசிய, அக்கால எதிர்க்கட்சியான விக் கட்சியினரில் மிகப் பலர் ஆதரித்து வாக்களித்திருந்தார்கள். 1917இல் இரண்டு கட்சியிலும் பெரும்பான்மை ஆதரவு. 1941இல் எதிர்த்தது ஒரே ஒரு வாக்கு. போட்டவர் குடியரசுக் கட்சிப் பெண், 1917இலும் அவர் எதிர்த்தே வாக்களித்திருந்தார். 1950இல் கொரியாவுக்கு வாக்கெடுப்பே இல்லை. வியட்நாமுக்கு வழிவிட்ட 1964 ஆகஸ்ட் தீர்மானத்தைக் கீழ்ச்சபையில் ஒருவரும் எதிர்க்கவில்லை. மேற்சபையில் இரண்டு பேர், இருவரும் ஜனாதிபதியின் சொந்தக் கட்சியினர்.

ஒவ்வொரு வரியையும் இரண்டு நூலில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மிஸ் பிரெண்டிஸ் நின்றபடியே வாசித்தார்.

“நன்றாக நிற்கிறது. கன்பரா எங்கே?”

ஆஸ்திரேலிய அரசு அட்டவணையில் எங்கே என்று கேட்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை.

“வாஷிங்டனில் யாரும் அந்தப் பையனுக்கு அழைப்பு அனுப்பவில்லையே, மகேஸ்.”

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். கட்டாயப் படைச்சேவைச் சட்டம் 1964 நவம்பர், படையணி அனுப்பும் அறிவிப்பு 1965 ஏப்ரல், அன்று கன்பராவை ஆண்ட கூட்டணி, எதிர்த்த கட்சி.

23ஆம் திகதி சனிக்கிழமை போனோம். ரொசைரோ ஒல்லியான மனிதர். கறுப்புக் காற்சட்டைக்கு மேலே நன்றாக மினுக்கிய பித்தளைச் சங்கிலி, அதன் நுனியில் கார்ட் மணிக்கூடு. “என்ன மென், வாருங்கோ வாருங்கோ” என்று சிவபாலனின் கையைப் பிடித்து இழுத்துக் அடுப்புக்குப் பக்கத்தில் குசினிக் கதிரையில் இருத்தினார். தேநீர் வந்தது. நான் அதைத் தொடும் முன் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். சொன்னேன். நண்பகல், சைகோன், ஒரு மணி, எது எங்கே நிற்கிறது என்று கேட்கும் மிஸ் பிரெண்டிஸ், எல்லாம்.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கற் தகரப் பெட்டியைக் கொண்டு வந்தார். சாவை அறிவித்த தந்தியில் திகதி மட்டும் இருந்தது. படை அதிகாரி எழுதிய கடிதத்தில் இருபத்தொன்றாம் திகதி அதிகாலை வேளையில் என்று இருந்தது. மணி இல்லை.

“இருபத்தாறு வருசத்திலை வண்டி அரை நிமிசம் பிந்தினாலும் எழுதி வைச்சனான். இதிலை மணி எழுத ஒருத்தனுக்கும் தோணேல்லை.” கடிதத்தை மடித்தார். “ஒரு மணிக்கு முந்தியோ பிந்தியோ தெரியாது. அப்படித்தானே?”

“ஓம்.”

“நான் திங்கட்கிழமையே கடிதத்தைப் பெட்டியிலை போட்டிட்டன். ஐரீனுக்கு, நீ சொன்னதுதான் சரியெண்டு எழுதினனான். இப்ப அதைத் திருப்பி எடுக்கவேணுமோ?”

சிவபாலன் தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டவணையை மேசையில் விரித்து வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரயில் நேரசூசி பார்ப்பது போல விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தார். நேரம் எடுத்தது.

“ஒருத்தன் வண்டியை எடுக்கிறான். மற்றவன் அடுத்த ஸ்டேசனிலை ஏறிக்கொள்ளுறான். எல்லாப் பெட்டியிலையும் ரெண்டு பேரும் இருக்கிறாங்கள்.” விரல் நின்றது. “பிள்ளை, அந்த ஆள் மேடையிலை ஒரு தொகை சொன்னானே. அதுக்குள்ளை நோயல் இருக்கிறானோ?”

“இல்லை அங்கிள். அது அமெரிக்கர் மட்டும்.”

“அப்ப ரெண்டு பார்ட்டியின்ர கணக்கிலையும் அவன் இல்லை.”

“இல்லை.”

மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். “வண்டி வெளிக்கிடப் பச்சைக் கொடி காட்டுறது ட்ரைவர் இல்லை. கார்ட்” என்றார். “கட்டாய சேவைக்குக் குலுக்கல் போட்டவங்கள் தெரியுமே. பிறந்தநாள் எழுதின உருண்டை. நோயலின்ர நாள் விழேல்லை. தப்பிட்டான். நான்தான் நீயாப் படையிலை போய்ச் சேர் எண்டு சொன்னனான். இந்த நாட்டுக்குள்ளை வரேக்கை என்ர பாட்டன் ஆர், பூட்டன் ஆர், எத்தினை பங்கு ஐரோப்பியன் எண்டு பேப்பர் கேட்டாங்கள். படமும் கேட்டாங்கள். யூனிபோம் போட்டவனிட்டை ஒருத்தனும் கேக்கமாட்டான் எண்டு நினைச்சன். ஐரீனுக்கு இது தெரியும். அவள் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தப் பார்ட்டி, இந்தப் பார்ட்டி எண்டுதான் சண்டை பிடிச்சவள்.”

சிவபாலனின் சட்டைப் பையிலிருந்த பென்சிலைக் கேளாமலே எடுத்தார். கன்பரா வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினார். ஆண்டு: 1967. போ என்றவர்: பெ. ரொசைரோ. எதிர்த்தவர் நிரலில் ஒரு சிறு கோடு.

“உங்கட மிஸ் இது எங்கை நிக்குது எண்டு கேட்டா?”

“நேரிற் கண்ட சாட்சி எண்டு சொல்லுறன்.”

முதல் தடவையாகச் சிரித்தார். அட்டவணையைத் தானே மகளுக்கு அனுப்புவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டார். பிழையைத் திருத்தியும் ஒரு வரி எழுதுவார். வேலைக்கான நகல் என்னிடம் இருந்தது. வீடு திரும்பிப் படலையைத் திறக்கும்போது சிவபாலன், “நீர் போனது சரி” என்றார்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மூன்று வாரமும் அந்தக் குடும்பத்தை நான் நிரந்தரமாகப் பிரித்துவிட்டேன் என்றே நம்பினேன். அமெரிக்காவில் தேர்தல் முடிந்து மற்றக் கட்சி வென்றது. நவம்பர் 15, திங்கட்கிழமை, காலை 10.40க்கு சிட்னியிலிருந்து அழைப்பு.

“நான் ஐரீன் ரொசைரோ. பரமட்டாவில் நேர்ஸாக இருக்கிறேன். அந்த அட்டவணை செய்தது நீங்களா?” ஆங்கிலத்தில், வேகமாக. “அப்பாவிடமிருந்து ஒரு வாரத்துக்குள் இரண்டு கடிதம். முதலாவதில் நான் சொன்னது சரி. இரண்டாவதில் ஒருவர் சொன்னதும் சரியில்லை.”

“பிழை என்னுடையது” என்றேன்.

“முதல் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. நான் சரியாக இருந்து என்ன கண்டேன்? இரண்டாவதில் அவருடைய பெயர் இருந்தது. நோயல் படையில் சேர்வதற்கான விண்ணப்பத்தை நிரப்பியது யார் தெரியுமா? நான்தான். நோயலின் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். அக்கா, நீ எழுதித் தா என்றான். வெள்ளிக்கிழமை தேநீர் வேளையில் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் படம் பார்க்கப் போனேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவின் வரிக்குக் கீழே என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்மஸுக்கு வருகிறேன் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன்.”

என் நகலில் இரண்டு பெயரையும் எழுதினேன். அன்று நாலரைக்கு மிஸ் பிரெண்டிஸ் அந்த இரண்டு வரிகளையும் வாசித்தார். இது எங்கே நிற்கிறது என்று கேட்கவில்லை. ஓரத்தில் தன் கையொப்ப எழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். அடுத்த மாதம் விதிகளில் ஒன்று கூடியது. திகதி கேட்பவரிடம் மணியும் ஊரும் கேட்க வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை அது இருந்தது.

1977 ஜனவரி முதல் வாரம் ரொசைரோவின் அட்டை வந்தது. நாலே வரி. “டிசம்பர் 24. சிட்னி வண்டி ஒரு நிமிடமும் பிந்தவில்லை. என் மணிக்கூட்டில் பார்த்தேன். மகளும் வந்தாள்.” இதற்கு இரண்டாவது ஆதாரமும் உண்டு. பொங்கலன்று தகப்பனும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்து, எந்தக் கட்சி என்று திரும்பவும் வாக்குவாதப்பட்டு, இரண்டாவது தடவையும் பொங்கற் புக்கை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அவர்கள் இருவரின் சம்மதத்தோடு 1979இல் படை ஆவணங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கு எழுதினேன். இறந்த திகதி 21 ஜனவரி 1969 என்று பதில் வந்தது. மணி குறிக்கப்படவில்லை. ஆகவே என் அட்டவணையின் அடியில் அந்த மணிக்காக நான் வரைந்த கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. நோயல் ரொசைரோ இறந்தது சைகோன் நேரம் அதிகாலை ஒரு மணிக்கு முன்னா பின்னா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.